மழை வந்தால் தூங்காத மாமா

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மழை என்றால் இரண்டே எண்ணம்தான். ஒன்று, வீராணம் நிரம்புமா? இன்னொன்று, ஸ்கூல் லீவா? என் பெரிய மாமாவுக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது. ‘பம்ப் எல்லாம் ஓடுதா?’

மாமா மைனிங் இன்ஜினீயர். 1984-ல் நெய்வேலி என்.எல்.சி-யில் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது சிதம்பரத்தில் இருக்கிறார். மழை இரவுகளில் இன்னமும் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார் என்பது அத்தையின் புகார். மகள் பிறந்தது 1985 ஐப்பசி அடைமழையில். மூன்றாம் நாள்தான் குழந்தையைப் பார்த்தார். அந்தக் கதையை அத்தை கோபமாக ஆரம்பித்துச் சிரிப்பாக முடிப்பார்.

நெய்வேலி கதை நம்மில் பலருக்குப் பாடப்புத்தகம்தான். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால், பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் நான்கு வருடம் என்று மாமாவிடம் கேட்டேன். டிபன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டார்.

“மேல மண்ணு பல இடத்துல 50 மீட்டருக்கும் அதிகம். ஒரு டன் நிலக்கரிக்கு அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை அள்ளணும். அதுகூடப் பரவாயில்லம்மா. கரிக்கு அடியில தண்ணி இருக்கு பாரு, அதுதான் எமன்.”

நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, ராத்திரி பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் மேலிருந்து வேறு கொட்டும். மோட்டார் நின்றால் கோடிக்கணக்கில் விலையுள்ள பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மாட்டிக்கொள்ளும், ஆட்களும்தான். மாமாவின் தூக்கம் போன இடம் இதுதான்.

இனி எழுதப்போவது மாமாவிடம் கேட்க நான் தயங்கிய விஷயம்.

என் அப்பா வழி முழுக்க புவனகிரிப் பக்கம் நெல் விவசாயம். 2023 ஜூலை கடைசியில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காகப் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியது. அந்த வீடியோவை மொபைலில் பார்த்த சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. நிலத்தை எப்போதோ கையகப்படுத்தியாகிவிட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையாவது பொறுத்திருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஒரு வாரம் மௌனமாக இருந்தது. குட்மார்னிங் மெசேஜ்கூட வரவில்லை.

இந்தமுறை கேட்டுவிட்டேன். “நீங்க அப்போ என்ன நினைச்சீங்க மாமா?”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பயிர் மேல மெஷினை விட்டதைப் பார்க்க முடியலம்மா. ஆனா வாய்க்கால் இல்லாம சுரங்கம் முன்னால போக முடியாதுங்கிறதும் எனக்குத் தெரியும். ரெண்டும்தான் உண்மை” என்றார்.

சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது என்று அவர் சொல்ல, எங்கள் போர்வெல் ஏன் வருடாவருடம் கீழே போகிறது என்று நான் கேட்க, அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். எனக்கு அவர் பதில் முழுதாக ஒப்பவில்லை. ஆனால், மழுப்பாமல் சொன்னாரே என்றிருந்தது.

இப்போது வீட்டில் புதுப் பேச்சு. கடலூரில் ப்ளஸ் டூ படிக்கும் மாமாவின் பேத்தி, கிண்டியில் மைனிங் படிக்கப்போகிறேன் என்கிறாள். மாமாவின் காலத்தில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. 1952-ம் வருடச் சட்டப்படி பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது. திறந்தவெளிச் சுரங்கத்திலும் காலை 6 முதல் இரவு 7 வரைதான் வேலை. 2019-ல்தான், பெண்ணின் எழுத்துபூர்வ சம்மதம், ஒரு ஷிப்டுக்குக் குறைந்தது மூன்று பெண்கள் என்ற நிபந்தனைகளோடு அது தளர்ந்தது. 2021-ல் ஜார்க்கண்டில் ஆகாங்ஷா குமாரி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினீயராகச் சேர்ந்தது செய்தியானது. பாப்பா அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள்.

மகள் மறுக்கிறாள், நிலக்கரிக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1962-ல் ஓட ஆரம்பித்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமே 2020-ல் மூடப்பட்டுவிட்டது.

மாமா, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “டிகிரி பெரிசில்ல. மைன் மேனேஜர் சர்டிபிகேட் பரீட்சை இருக்கு, அது இல்லாம சுரங்கத்தை உன் பொறுப்புல விடமாட்டாங்க. நான் முதல் தடவை பாஸ் ஆகல” என்றார்.

“எந்த சப்ஜெக்ட்ல போச்சு தாத்தா?”

“அதை உன் பாட்டி எதிர்ல கேட்காதே” என்றார் மாமா.