புள்ளி இல்லாத முருகன்

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய படம் வந்தது. உறுப்பினர் அட்டையில் "முருகன. முருகன்" என்று அச்சாகியிருக்கிறதே, ஃபான்ட் கெட்டுப்போச்சா அக்கா என்று கேட்டிருக்கிறாய். ஃபான்ட் மேல் குற்றமில்லைடா. நடுராத்திரி வரை சாப்பிடாமல் இதோடு மல்லுக்கட்டினாய் என்று அம்மா சொன்னாள். அதற்குத் திட்டு தனியாக உண்டு, முதலில் முருகனைப் பார்ப்போம்.

"கு. முருகன்" என்று வந்தால் புள்ளி எங்கே என்று ஃபைண்ட் போட்டுத் தேடி, அதற்கு முன்னால் இருப்பதை இனிஷியல் என்றும் பின்னால் இருப்பதைப் பெயர் என்றும் பிரித்திருக்கிறாய். இந்த முருகன் இனிஷியலே எழுதவில்லை. தேடியது கிடைக்காவிட்டால் பைத்தானில் ஃபைண்ட் எரர் காட்டாது, -1 என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். நீயோ அந்த எண் வரைக்கும் வெட்டச் சொல்கிறாய். -1 வரைக்கும் என்றால் பைத்தானுக்குக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என்று பொருள். "முருகன்" என்பதில் கடைசியாக நிற்பது ன் தலையில் இருக்கிற புள்ளி. யூனிகோடில் அதற்குத் தனி எண் உண்டு. அது கழன்று விழுந்ததும் "முருகன" உனக்கு இனிஷியலாகிவிட்டது. பெயர் எடுக்கும் வரியில் -1 உடன் 1 கூட்டுகிறாய், 0 வருகிறது, முழுப் பெயரும் கிடைக்கிறது. அந்தப் பாதி சரியாக வந்ததும் தற்செயல்தான், அதை நம்பாதே.

எனக்குக் கவலை அதுவல்ல. இதே இரண்டு வரிகளை அட்டைக்கு ஒருமுறை, ரசீதுக்கு ஒருமுறை, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒருமுறை என்று காப்பி அடித்து வைத்திருக்கிறாயே! அட்டையில் திருத்துவாய், ரசீதில் மறப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்த அவசரம். இனிஷியலைப் பிரிப்பதற்கென்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுது, அதற்குப் புரிகிற பெயராக வை, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடு. எழுதும்போதே, புள்ளி இல்லாவிட்டால் என்ன திருப்பித் தரவேண்டும் என்று முடிவு செய்துவிடு.

உள்ளே ஃபைண்ட் வேண்டாம், ஆர்பார்ட்டிஷன் போடு. அது கடைசிப் புள்ளியைப் பார்த்து மூன்று துண்டாகத் தரும்: முன்பகுதி, புள்ளி, பின்பகுதி. "எஸ்.கே. செல்வி" என்றால் "எஸ்.கே" ஒரு பக்கம், "செல்வி" ஒரு பக்கம், முன்னால் ஒட்டிவரும் இடைவெளியை மட்டும் ஸ்ட்ரிப் செய்துகொள். புள்ளியே இல்லையென்றால் முதல் இரண்டு துண்டும் காலியாக வரும், மூன்றாவதில் முழுப் பெயரும் இருக்கும். நமக்கு வேண்டியது அப்படியே அதுதான். "முருகன் கு." என்று பின்னால் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது உதவாது, பெயர் காலியாக வரும். அதற்குத் தனியாக ஓர் இஃப் எழுதத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அட்டையில் இடம் போதாது என்று பெயரை 10 எழுத்தோடு வெட்டுகிறாய். "தமிழ்ச்செல்வி" என்பதற்கு நாம் எண்ணினால் 7 எழுத்து, வெட்டவே தேவையில்லை. பைத்தானின் லென் அதை 13 என்கிறது, ஏனென்றால் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 10-இல் வெட்டினால் "தமிழ்ச்செல" என்று நிற்கும். அந்தப் பெண் ஆசையாக அட்டையை வாங்கிப் பார்க்கும்போது அவள் பெயர் இப்படியா இருக்கவேண்டும்? ஓப்பன் தமிழ் லைப்ரரியில் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. அதில் பிரித்து, எண்ணி, பிறகு வெட்டு.

அடுத்த மாதம் காட்லினுக்கு மாறப்போவதாகச் சொன்னாயே. அங்கே சப்ஸ்ட்ரிங்பிஃபோர், சப்ஸ்ட்ரிங்ஆஃப்டர் எல்லாம் ரெடியாகவே இருக்கும், நீ எழுத வேண்டியதில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. தேடிய குறி இல்லாவிட்டால் காட்லினின் சப்ஸ்ட்ரிங்ஆஃப்டர் முழு ஸ்ட்ரிங்கையும் திருப்பித் தரும். உங்கள் டீமில் ஜாவாவுக்குப் பயன்படுத்துகிற அப்பாச்சி காமன்ஸில் அதே பெயருள்ளது காலி ஸ்ட்ரிங்கைத் தரும். ஜாவா கோடை அப்படியே மாற்றி எழுதினால் கம்பைல் ஆகும், டேட்டா மட்டும் வேறாக வரும். எனக்கு இந்த விஷயத்தில் கோ மொழிக்காரர்கள் செய்ததுதான் பிடித்திருக்கிறது. 2022-இல் 1.18 பதிப்பில் கட் என்று ஒன்று சேர்த்தார்கள். முன்பகுதி, பின்பகுதியோடு, கிடைத்ததா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். உன் ஃபங்ஷனையும் அப்படியே எழுதிப் பாரேன்.

எழுதி முடித்ததும் இனிஷியல் இல்லாத பெயர், இரண்டு இனிஷியல் உள்ள பெயர், பின்னால் இனிஷியல் போட்ட பெயர், ஒன்றுமே நிரப்பாத வரி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார். அச்சான அட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே, உங்கள் மேனேஜரிடம் நாளைக் காலையிலேயே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது லேப்டாப்பை எடுத்து வா, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அப்பாவின் பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, வரும் வழியில் வாங்கிக்கொண்டு வா. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்குடா.

அன்புடன்,
அக்கா