அளவு யார் கையில்?

நம்ம சனங்களுக்கும் அளவைக்கும் உள்ள பகை இன்னைக்கு நேத்து வந்ததில்லை. அளந்து போட ஒரு மரக்கால், அளந்து வாங்க ஒரு மரக்கால் என்று ஆண்டைகள் வீட்டில் ரெண்டு இருந்த கதையைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுச் சங்கமாய் நின்றதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். இன்றைக்கு மரக்கால் போய் லிட்டர் வந்துவிட்டது. அளக்கிற கை மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி.

என் தம்பி சென்னையில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறான். கேஸ், பெட்ரோல் ரெண்டிலும் ஓடுகிற வண்டி. காலையில் எடுக்கும்போது எவ்வளவு கேஸ் இருந்ததோ அவ்வளவு ராத்திரி விடும்போதும் இருக்க வேணும் என்பது ஓனரோடு பேச்சு. அளவைக் காட்ட சுவிட்சில் நாலு பச்சை விளக்கு, ரிசர்வுக்கு ஒரு சிவப்பு. போன வருசம் ரெண்டு மாசமாகச் சிவப்பு மட்டும்தான் எரிந்தது. ஓனர் அதைப் பார்ப்பார். நூறு ரூபாய் சேர்த்துப் பிடிப்பார். "கேஸ் எங்கடா போச்சு? உங்க ஆளுங்க கையில வண்டி குடுத்தா இப்படித்தான்."

விளக்கு கெட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோணவில்லை. தம்பி திருடியிருக்கலாம் என்று மட்டும் உடனே தோணியது. ஒரு விளக்குக்குக் கிடைக்கிற நம்பிக்கைகூடச் சேரிக்காரனுக்குக் கிடைப்பதில்லை.

எங்க தெருவிலேயே ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அவர் சுவிட்சைத் தொடவே இல்லை. நேரே பின்னால் போய் டாங்கின் தலையில் இருக்கிற வட்ட மீட்டரைப் பார்த்தார். "முள்ளு பாதியில நிக்குது தம்பி. விளக்கு சிவப்புல நிக்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்ம டிரைவர் தோழர்களுக்குப் பயன்படும். டாங்குக்குள்ளே ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்குவதைக் காந்தம் வழியாக வெளியே முள் காட்டுகிறது. முள்ளின் மேலே ஒட்டியிருக்கிற சென்சார் அதைப் படித்து ஒயர் வழியாக விளக்குக்குச் சொல்கிறது. முள் சரியாக அசைந்து விளக்கு மட்டும் தப்பானால் கோளாறு வெளியே: சென்சார், ஒயர், எர்த்து, சுவிட்ச். முள்ளே சிக்கி நின்றால் கோளாறு உள்ளே. அதை ரோட்டோரம் வைத்துத் திறக்கவே கூடாது. அழுத்தத்தோடு இருக்கிற கேஸ், காற்றைவிடக் கனம், தரையோடு படரும்.

"பிரஷர் மீட்டர் ஒண்ணு மாட்டிட்டா தெரியாதாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "சிஎன்ஜின்னா தெரியும்மா, அது தீரத்தீர பிரஷர் எறங்கும். இது எல்பிஜி. உள்ள திரவம் கொஞ்சம் இருக்கிற வரைக்கும் பிரஷர் அப்படியே நிக்கும். சூட்டுக்குத்தான் ஏறி எறங்கும்." டாங்கில் நூற்றுக்கு எண்பது பங்குதான் நிரப்ப வேணும், மீதி கேஸ் விரிவதற்கு இடம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மழைத்தண்ணி இறங்கி சென்சார் முனை பச்சை பூத்துக் கிடந்தது. துடைத்தும் சரிவரவில்லை. சுவிட்சுக்குப் பொருந்துகிற வகையாகப் பார்த்துப் புதுசு வாங்கி மாட்டினார். ரெண்டு விளக்கு பச்சையாய் எரிந்தது. பெட்ரோல் டாங்குக்கு மீட்டரே கிடையாது. அதைக் காலிசெய்து, அரை லிட்டர் அரை லிட்டராய் ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்திலெல்லாம் கோடு கீறிக் கொடுத்தார். நம்ம கையால் செய்த அளவுகோல்.

ஓனர் வந்து பார்த்தார். "சரி சரி" என்றார். பிடித்த பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. திருடன் என்று சொன்ன வாயால் வேறொரு வார்த்தையும் வரவில்லை.

தம்பி சும்மா விடவில்லை. ஸ்டாண்டில் பேசி, இப்போது வாடகை வண்டிகளுக்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். எடுக்கும்போதும் விடும்போதும் டாங்கு முள், பெட்ரோல் குச்சி, ஓடிய கிலோமீட்டர், பங்க் பில் நாலையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேணும். ரெண்டு ஓனர்கள் மாட்டேன் என்றார்கள். அந்த வண்டிகளை ஒரு வாரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு போட்டார்கள். தம்பியிடம் பிடித்த பணம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எம்.ஏ. தமிழில் அளவை பற்றி நான் படித்ததெல்லாம் தர்க்கம். காட்சி அளவை, கருதல் அளவை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். கண்ணால் முள்ளைப் பார்த்து, கோளாறு வெளியேதான் என்று அந்த அண்ணன் கருதினாரே, அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதில்லை. நம்ம கைகளில் இருக்கிற அறிவை வேலை என்கிறார்கள், அவர்கள் வாயில் இருப்பதை அறிவு என்கிறார்கள். அளவுகோலைப் படிக்கவும் பழுது பார்க்கவும் நம்ம பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் கற்றுக்கொள்ள வேணும். கணக்கு அவர்கள் நோட்டில் மட்டும் இருக்கிற வரைக்கும் திருடன் என்கிற பெயர் நம்ம வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.