துகில்

சேவூர் வீட்டில், அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அடைக்க அம்மாவும் தறியில் உட்கார்ந்தாள். "தலையெழுத்து" என்பாள்.

எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் துச்சாதன வேடக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி, திரௌபதியை (அவரும் ஆண்தான்) கும்பிட்டுக்கொள்வார். ஆனால் இழுக்காமல் விடமாட்டார்; கதை அப்படி. திரௌபதியோ வழக்குப் பேசுகிறாள்: தன்னையே முதலில் தோற்றவர் என்னைப் பணயம் வைத்தது எப்படிச் செல்லும்? பீஷ்மரிடம் பதில் இல்லை. எல்லாம் விதியென்றால் அவர் ஏன் தடுமாற வேண்டும்? சூதுக்கு உட்கார்ந்தது தருமர்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். நாடா நிற்கவில்லை.

"அவ கேட்டா, சேலையாச்சும் வந்துச்சு. நாம கேட்டா?"

சேலை முடிந்ததும் முதலாளி வீட்டுக்கு அவளே எடுத்துப்போனாள். கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னாளாம்.