குட்டைத் தந்தி

வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரிலிருந்து பிரெஞ்ச் பிராட் நதியை ஒட்டிச் செல்லும் சாலையில், ஒரு புறம் மலையும் மறு புறம் ஆறும் நெருக்க, நடுவிலே கிடைத்த துண்டு நிலத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் மார்ஷல் என்ற சிற்றூரைக் கடந்து, லாரல் ஓடைகள் இறங்கிவரும் உள்மலைப் பிரதேசத்துக்கு நான் பிரயாணம் புறப்பட்டதற்கு, பல வருஷங்களாக என் காதைத் தொந்தரவு செய்துவந்த ஓர் இசைத்தட்டே காரணம். 1963-ஆம் ஆண்டு ஜான் கோஹன் என்பவர் டேப் ரிக்கார்டருடன் இம்மலைக்கு வந்து பதிவு செய்ததை மறு வருஷம் ஃபோக்வேஸ் நிறுவனத்தார் வெளியிட்ட தட்டு அது. அதில் டில்லர்ட் சாண்ட்லர் என்ற எழுத்தறியாத உழைப்பாளி, பக்கவாத்தியம் ஏதுமின்றி, கொலையும் பிரிவும் நிறைந்த நெடுங்கதைகளைப் பாடுகிறார்; ஊரார் அவற்றைக் 'காதற்பாட்டு' என்கிறார்கள், கதையில் எத்தனை பேர் செத்தாலும் சரி! அவருடைய ஊரைச் சுற்றுவட்டாரத்தார் சோடம் என்றே அழைக்கிறார்கள்; ரிவியர் என்பது அதன் மற்றொரு பெயர்.

கோஹனுக்கும் முன்னே, 1916-ஆம் ஆண்டுக் கோடையில், ஆஸ்துமா நோயாளியான செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர், மாட் கார்ப்பிலிஸ் என்ற உதவியாளப் பெண்மணியுடன் இங்கே வந்திருக்கிறார். இவர் மெட்டை ஸ்வரப்படுத்த, அந்த அம்மாள் சொற்களைச் சுருக்கெழுத்தில் பிடிப்பார். 1918 வரை அப்பலாச்சிய மலைகளில் அலைந்து இவ்விருவரும் சேர்த்தவை 1,600 மெட்டுகளுக்கு மேல். ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜேன் ஜென்ட்ரி என்ற ஒரே பெண்மணி மட்டும் 60 பாட்டுகளுக்கு மேல் கொடுத்திருக்கிறார். தம் தேசத்தில் மறைந்துகொண்டிருந்த பாட்டுகள் கடல் கடந்து இங்கே உயிரோடு இருக்கக் கண்ட ஷார்ப்புக்கு உண்டான பரவசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலேயச் செல்வத்தைத் தேடி வந்தவர், தாம் பாட்டுக் கேட்ட அதே திண்ணைகளில் சாய்த்து வைத்திருந்த பாஞ்சோவைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஜனங்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியத்தின் சந்ததி அது. மலையின் பாதி சங்கீதத்துக்குக் காதை மூடிக்கொண்டார் என்பதே என் அபிப்பிராயம்.

நான் போய்ச் சேர்ந்த வீட்டில் ஒரு முதியவரும் அவருடைய தமக்கையாரும் இருந்தார்கள். மழைக்காலமாதலால் பாஞ்சோவின் தோல் நமத்துத் தொய்ந்திருந்தது. கிழவர் அதை அடுப்பருகே சற்று நேரம் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டினார். வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுகள் கழுத்தில் இல்லாத பழைய வாத்தியம். சுட்டுவிரல் நகத்தின் புறத்தால் தந்தியை மேலிருந்து கீழாக அடிக்க, கை இறங்குகிற வேகத்திலேயே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த ஐந்தாவது மட்டும் கழுத்தின் நடுவிலிருந்தே புறப்படும் குட்டைத் தந்தி. அதன் ஸ்வரம் மாறுவதேயில்லை. தம்புராவில் பழகிய என் செவிக்கு அந்த ஓயாத சுருதி பிடித்துப்போயிற்று என்றாலும், தம்புராவைப்போல் அது பின்னணியில் அடங்கியிராமல், உச்சத்திலிருந்து தாளத்தோடு துள்ளிக்கொண்டிருந்தது.

பின்பு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். காதற்பாட்டுக்குப் பாஞ்சோ ஆகாதாம். மூதாட்டியார் என் சிறிய பதிவுப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்து, "ஐயா, நாய் குரைத்தால் அதுவும் இதில் விழுமோ?" என்றார். "விழும், அம்மா" என்றேன். "அப்படியானால் அதற்கும் பேர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் எவ்வித பாவமும் காட்டாமல் பாடத் தொடங்கினார். அடியின் முடிவில் சாரீரம் சட்டென்று உடைந்து, மேலே ஒரு சிறு கீற்றாக எழும்பி அறுந்தது. எந்த ஸ்வரமென்று எழுதுவது? ஷார்ப்பின் பென்சில் இவ்விடத்தில் என்ன செய்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே ஏழாவது செய்யுளில் அவருக்குச் சொல் மறந்துவிட்டது. மௌனம், நாற்காலி கிறீச்சிட்டது, அடுப்பங்கரையிலிருந்து தம்பியார் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். அம்மையார் அந்தச் செய்யுளிலிருந்து தொடராமல், முதலடிக்கே திரும்பிப் போனார்.

ஊர் திரும்பிய பின் அப்பதிவைக் கேட்ட ஒலிப்பதிவு நண்பர், மௌனத்தையும் நாயையும் அந்த ஒரு சொல்லையும் ஐந்தே நிமிஷத்தில் எடுத்துவிடலாமென்று சொன்னார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்; நாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதல்லவா?