பல்லாண்டு மதுவும் ஒருநாட் கள்ளும்

உப்புக்குளம், மன்னார்த் தீவு, மே 4

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மருமகன், வழக்கமான சொக்கலேற்றுப் பெட்டிகளோடு, கனத்த அடியும் ஒடுங்கிய கழுத்தும் உடைய போத்தல் ஒன்றையும் இம்முறை துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, "மாமா, இது நூற்றி அறுபத்தெட்டாம் பதிப்பு" என்று புத்தக வியாபாரியின் தோரணையில் மேசைமேல் வைத்தான். பிரான்ஸ் தேசத்து ரான்ஸ் நகரில் 1843ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட க்ரூக் இல்லத்தாரின் 'கிராண்ட் குவே' என்னும் ஷாம்பெயின் அது. பின்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணை அவன் கைத்தொலைபேசியில் தட்டியதும், போத்தலின் ஜாதகம் முழுவதும் வெளிப்பட்டது: பதினொரு வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த 198 மதுக்களின் கலவை; அவற்றுள் இளையது 2012ஆம் ஆண்டினது, மூத்தது 1996ஆம் ஆண்டினது. விலையை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் குடிக்கத் துணிவு வந்திராது.

எங்கள் அயலவருட் பலர் மார்க்க நியமப்படி மதுவைத் தொடாத இஸ்லாமியராகையால், இந்த வைபவத்தைப் பேசாலையில் மைத்துனர் வீட்டில் வைத்துக்கொள்வதென்று தீர்மானமாயிற்று.

மே 6

ஷாம்பெயின் வர்த்தகத்தில், ஒரே ஆண்டின் பெயரைத் தாங்கி வருவதே மேன்மையானதென்றும், ஆண்டு குறிக்கப்படாத கலவை அன்றாடப் பண்டமென்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. மருமகனும் அக்கட்சியைச் சேர்ந்தவன்தான். ஆனால் இந்த இல்லத்தை நிறுவிய யோசப் க்ரூக், ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலே பிறந்து, ஜாக்கெசோன் இல்லத்தில் நெடுநாள் உழைத்து, நாற்பது வயது கடந்தபின் தனக்கென ஓர் இல்லம் கண்டவர். 1848இல், அப்பொழுது சிறு பிள்ளையாயிருந்த தம் மகனுக்காக எழுதிவைத்த நாட்குறிப்பொன்றில், வானிலை எவ்விதமிருப்பினும் ஆண்டுதோறும் தரம் குன்றாத உத்தமமான கலவையொன்றை அளிப்பதே ஒரு நல்ல இல்லத்தின் கடமை என்ற கருத்தை விட்டுச்சென்றிருக்கிறார்.

இதற்குக் காரணம் அந்தத் தேசத்தின் சீதோஷ்ணமே. திராட்சை பயிராகக்கூடிய நிலப்பரப்பின் வடக்கு எல்லையை ஒட்டிக் கிடப்பது ஷாம்பெயின் பிரதேசம். 2003ஆம் ஆண்டு ஏப்ரிலிலே உறைபனி தளிர்களைக் கருக்கிவிட, எஞ்சியவற்றைக் கோடை வெப்பம் வாட்டியது. 2012இலோ உறைபனி, ஆலங்கட்டி, பூஞ்சண நோய் என்று துன்பங்கள் அடுக்கடுக்காக வந்து விளைச்சலைக் குறைத்தபோதிலும், மிஞ்சிய பழங்கள் அபூர்வமான பக்குவத்தை அடைந்தன. இவ்வாறு வானத்தின் தயவிலே தொங்கிக்கொண்டிருப்பவன், வாய்த்த ஆண்டின் மதுவை வாய்க்காத ஆண்டுக்கென்று சேமித்து வைப்பது லோபமன்று, விவேகமே. மருமகனுடைய கட்சியை நான் ஏற்பதற்கில்லை. ஒரே ஆண்டின் மது அந்த ஆண்டின் மழையையும் வெயிலையும் பிரதிபலிக்கிறதேயொழிய, செய்தவனுடைய சித்தத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

மே 9

கலப்பவர்களுடைய வேலையைப் பற்றி மருமகன் சொன்னவற்றையும், அவன் தந்த கைந்நூலிற் படித்தவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

அறுவடையானதும் ஒவ்வொரு துண்டு நிலத்தின் சாற்றையும் தனித்தனியே, 205 லீற்றர் கொள்ளும் பழைய ஓக் மரப் பீப்பாய்களில் நொதிக்கவிடுகிறார்கள். பனிக்காலம் தொடங்கி வசந்தம் வரை அவ்வாண்டின் மதுக்கள் 250 அளவும், முன்னைய ஆண்டுகளிலிருந்து சேமித்தவை 150 அளவும், ஒரு சிறு குழுவினரால் சுவைக்கப்படுகின்றன. சுவைத்ததை உமிழ்ந்துவிட்டுக் குறிப்பெழுதுகிறார்கள். இவ்வேலையில் என்னை வியப்பில் ஆழ்த்தியது யாதெனில், அவர்கள் நாவிலே படுவது நாம் அருந்தப்போகும் பானமே அன்று என்பதுதான். அந்நிலையில் அது நுரையற்ற, பல்லைக் கூசவைக்கும் புளிப்புடைய இளமது. கலந்தபின் லீற்றருக்கு ஏறக்குறைய 24 கிராம் சீனியும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் அடைத்தால்தான், உள்ளே மறுபடியும் நொதித்தல் நிகழ்ந்து, வெளியேற வழியில்லாத வாயு ஆறு வளிமண்டல அழுத்தத்தோடு மதுவிலே கரைகிறது. இறந்த மதுவத்தின் மண்டியோடு ஏழு ஆண்டளவு நிலவறையிற் கிடந்தபின்னரே, அந்த மண்டி சிதைந்து கலப்பதால், பாண் வாசனையும் வறுத்த பருப்பின் ருசியும் உண்டாகின்றன. ஆகவே 2013 வசந்தத்தில் கிண்ணத்தைக் கையிலேந்தி நின்றவன், தன் முன் இருந்த புளிப்பைச் சுவைத்துக்கொண்டே, 2020இல் அது எவ்வாறிருக்கும் என்பதை மனத்தினாலே சுவைக்கவேண்டியிருந்தது. பினோ நுவார் 52 வீதம், ஷார்டொனே 35, மெனியே 13 என்று முடிவிலே கணக்குச் சொல்லிவிடலாம். அக்கணக்குக்கு முந்திய ஊகத்தை எந்தக் கைந்நூலும் கற்பிக்காது.

மே 12

பேசாலைப் பக்கத்துப் பனங்கூடலில் விடியற்காலையிற் போய் நின்றேன். பரிச்சயமான சீவல் தொழிலாளி, காலில் தளைநார் கோத்து ஏறி, பாளையின் நுனியை மெல்லிய படலமாகச் சீவி, முட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதியாமல் கருப்பணியாக நிற்கும். பூசாவிட்டால், காற்றிலும் பாளையிலும் உள்ள மதுவம், பாணிலும் ஷாம்பெயினிலும் வேலைசெய்யும் அதே இனம், மரத்திலிருக்கும்போதே தன் கருமத்தைத் தொடங்கிவிடுகிறது. முட்டி திறந்தே கிடப்பதால் வாயு தங்குவதில்லை. ஆனால் இறக்கிய உடனே காதை வைத்துக் கேட்டால் இரைச்சல் கேட்கும். நுரைக்கும் மதுவுக்கு ரான்ஸ் நகரம் வரை போகவேண்டியதில்லை.

அவர் மரத்துக்கு மரம் இறக்கியதைக் கானில் ஊற்றும்போது, ஒவ்வொரு முட்டியையும் முகர்ந்து, புளிப்பேறியதை ஒதுக்கி, இனிப்பு மிகுந்ததோடு அளவறிந்து சேர்ப்பதைக் கவனித்தேன். எது ஆண்பனை, எது பெண்பனை, எதன் பாளை ஓயப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தவறணைக்குப் போகும் கள் நாளுக்கு நாள் ஒரே ருசியாயிருப்பதற்கு இந்த மூக்கே ஆதாரம். ரான்ஸிலே ஆண்டுகளைக் கலக்கிறார்கள். இவர் மரங்களைக் கலக்கிறார். ஆண்டுகளைக் கலக்க இவரிடம் சேமிப்பென்று எதுவுமில்லை. இன்றைய கள் நாளை மறுநாள் காடியாகிவிடும். சூடேற்றி மதுவத்தைக் கொன்று போத்தலில் அடைத்த கள்ளும் விற்கிறார்கள். அது பல மாதம் நிற்கும், ஆனால் என் அபிப்பிராயத்தில் அது கள்ளின் சமாதி.

திரும்பும் தறுவாயில்தான் ஒன்று கண்ணிற் பட்டது. ஒரு முட்டியை அவர் கழுவவில்லை. அடியிலே சிறிது பழங்கள்ளை விட்டே மீண்டும் கட்டினார். "கழுவினா ஏற மாட்டுது ஐயா, பழசு கிடந்தாத்தான் புதுசு கெதியாப் பிடிக்கும்" என்றார். நேற்றைய மதுவம் இன்றைய நீரையும், இன்றையது நாளைய நீரையும் பற்றிக்கொண்டு, பருவம் முடியும்வரை ஒரே முட்டிக்குள் சந்ததியாகத் தொடர்கிறது. அவருடைய சேமிப்பு அவ்வளவே.

மே 13

மீன்வாடியிலிருந்து ஐஸ் வாங்கி, றெஜிபோம் பெட்டியிலே போத்தலைப் புதைத்து வைத்தோம். மருமகன் சத்தமின்றித் திறந்தான். முதலில் பாணின் மேற்தோல் வாசனை. பிறகு தோடம்பழத் தோலும் வறுத்த பருப்பும். விழுங்கியபின் நீண்டநேரம் நாவிலே நிலைத்து நின்ற ஒரு புளிப்பு. அது 1996இனுடையதாயிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்; அவ்வாண்டு மது புளிப்புக்குப் பேர்போனது என்பதைப் படித்துவிட்டுச் சுவைத்தவனுடைய நாக்கை எவ்வளவு தூரம் நம்பலாமோ தெரியாது.

சீவல் தொழிலாளியையும் அழைத்திருந்தோம். ஒரு வாய் குடித்து, "ஊசி மாதிரிக் குத்துது, இனிப்பும் இல்லை" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு காலம் வைத்திருந்தது என்று கேட்டார். ஏழு வருஷம் என்றான் மருமகன். "ஏழு வருஷமா விக்காம வைச்சிருந்தா, பழம் பிடுங்கினவனுக்குச் சோறு ஆர் போட்டது?"

நான் படித்த கைந்நூலில் இக்கேள்வி இல்லை. 1996இன் மதுவைப் பதினாறு ஆண்டு பேணிக் காப்பதற்கு நாவின் நுட்பம் மாத்திரம் போதாது. முதலும் வேண்டும், நிலவறைக்கு மேலே அமைதியும் வேண்டும். அதே காலத்தில், 2009 வரையும் யுத்தம் நடந்த இந்தப் பிரதேசத்தில், காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் இத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட என் இஸ்லாமிய அயலவர்களுக்கோ, வீட்டுச் சாமானையே அடுத்த வாரத்துக்கென்று எடுத்துவைக்க அவகாசம் இருக்கவில்லை.

மருமகன், 1999இலிருந்து க்ரூக் இல்லம் எல்விஎம்எச் என்னும் பெரிய கொம்பனியின் வசம் இருப்பதை விளக்கமாகச் சொன்னான். தொழிலாளி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொம்பனி எண்டால் வைச்சிருக்கலாம்" என்று சொல்லி, பின்நேரச் சீவலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துபோனார்.