தொண்டைக்குள் ஒரு வட்டார வழக்கு

பனிக்காலம் தொடங்கியதும் வட இந்திய நகரங்களின் மருந்துக்கடைகளில் ஒரு காட்சி நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. பள்ளி முடிந்து திரும்பிய பிள்ளைக்குத் தொண்டை வலி என்று தந்தை சொல்கிறார். காய்ச்சல் உண்டா என்று கடைக்காரர் கேட்கிறார். பதில் எதுவாயினும், அசித்ரோமைசின் மாத்திரை அட்டை ஒன்று காகித உறைக்குள் போகிறது. சில நாள்களில் பிள்ளை தேறிவிடுகிறது. மருந்தின் மீது நம்பிக்கை வளர்கிறது. தொண்டையில் குடியிருந்தது எது என்ற கேள்வி அந்தக் கடைக்குள் எழுவதேயில்லை.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவற்றை எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் தொடுவதில்லை. அவை தாமாகவே அடங்குபவை. ஆனால் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிடம், ஏறக்குறைய நான்கில் ஒரு தொண்டை வலிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்னும் பாக்டீரியா காரணமாகிறது. மணிகளைக் கோத்தாற்போல் வரிசையாக நிற்கும் இந்த உயிரி முறையாக ஒழிக்கப்படாவிட்டால், வலி மறைந்த இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாக உருமாறுகிறது. கிருமியை எதிர்க்கப் பிறந்த உடலின் படை, கிருமியின் புரதத்தையும் இதயத்தின் புரதத்தையும் பிரித்தறியாமல் தன் வீட்டையே தாக்குகிறது. மூட்டுகள் வீங்கி வடிந்துவிடும். இதய வால்வுகளில் விழுந்த தழும்பு வடிவதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் உயிர்களை ருமாட்டிக் இதய நோய் கொண்டுபோகிறது. அவர்களில் பெரும்பகுதியினர் ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியா அப்பட்டியலின் கடைசியில் இல்லை.

இக்கிருமியின் வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து 80 ஆண்டுகள் கடந்தும், அம்மருந்தை முழுமையாக வெல்லும் ஆற்றலை இது பெறவில்லை. ஆயினும் பெனிசிலினைப் பத்து நாள் விடாமல் விழுங்க வேண்டும். அல்லது வலிமிகுந்த ஓர் ஊசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது ஒவ்வாது. ஆகவே எரித்ரோமைசின், அசித்ரோமைசின் முதலிய மேக்ரோலைடு மருந்துகளின் பக்கம் கைகள் நீள்கின்றன. கிருமி கற்றுக்கொண்ட பாடமும் அங்கேதான் இருக்கிறது. அது இரு வழிகளைக் கையாள்கிறது. 'எர்ம்' குடும்பத்து மரபணுக்கள், மருந்து வந்து ஒட்ட வேண்டிய ரைபோசோமின் இடத்தில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்து, பூட்டின் துளையையே மாற்றிவிடுகின்றன. 'மெஃப்' மரபணுவோ பூட்டைத் தொடாமல், உள்ளே வந்த மருந்தை வாயில் வழியே இறைத்து வெளியேற்றுகிறது. முதல் வழியில் கிளிண்டாமைசின் என்னும் மாற்று மருந்தும் பயனற்றுப் போகக்கூடும். இரண்டாம் வழியில் அது பிழைத்திருக்கும். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில், மேக்ரோலைடை எதிர்க்கும் இவ்வகை ஸ்ட்ரெப்டோகாக்கசும் இடம்பெற்றது.

ஒரு கிருமி மருந்தை எதிர்க்கிறது என்று அறிவது ஒன்று; அந்தக் கிருமி யார் என்று அறிவது வேறொன்று. இரண்டாம் கேள்விக்குத் தம் வாழ்நாளைத் தந்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்து, 1933இல் ஸ்ட்ரெப்டோகாக்கசுகளைத் தொகுதிகளாகப் பிரித்தார். அதற்கு முன்பே, 'ஏ' தொகுதியின் மேற்பரப்பில் மயிரிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் எம் புரதத்தைக் கண்டு, அதன் வேறுபாடுகளால் வகைகளைப் பிரிக்கலாம் என்று காட்டியிருந்தார். பல ஊர்களிலிருந்தும் அடையாளம் தெரியாத கிருமிகள் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. துப்புத்துலக்கும் ஸ்காட்லாண்டு யார்டு என்றே அதனைச் சொன்னார்கள்.

அவருடைய முறைக்கு முயலின் குருதியிலிருந்து எடுத்த சீரம் தேவை. சீரம் இல்லாத வகைக்குப் பெயரும் இல்லை. வெப்ப நாடுகளின் கிருமிகளில் பல, 'வகைப்படுத்த இயலாதவை' என்ற பெட்டிக்குள் கிடந்தன. 1990களில் அந்தப் பெட்டி திறந்தது. எம் புரதத்தை ஆக்கும் 'எம்' மரபணுவின் தொடக்கப் பகுதியைப் படித்தாலே வகை தெரிந்துவிடும் என்றாயிற்று. அப்பகுதியின் 90 எழுத்துகளில் 92 விழுக்காடோ அதற்கு மேலோ பொருந்தினால் அது பழைய வகை; குறைந்தால் புதிய வகை. இன்று 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. எவ்வளவு ஒத்திருந்தால் ஒரு மொழி, எவ்வளவு விலகினால் வேறு மொழி என்று மொழியியலார் முடிவின்றி வாதிடுகின்றனர். நுண்ணுயிரியலார் ஓர் எண்ணில் கோடு கிழித்துவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். அந்தக் கோடும் மனிதர் இட்டதே.

கோட்டினால் விளையும் பயனை இரு ஊர்களின் கதை சொல்லும். பின்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் எரித்ரோமைசினை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோகாக்கசுகள் பெருகின. மருத்துவர்கள் மேக்ரோலைடுகளை எழுதித் தருவதைக் குறைத்தார்கள். 1992இல் 16.5 விழுக்காடாக இருந்த எதிர்ப்பு 1996இல் 8.6 ஆயிற்று. பயன்பாட்டுக்கும் எதிர்ப்புக்கும் உள்ள உறவு அங்கே வெளிப்பட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலோ, 2000-2001 பள்ளியாண்டில் ஒரு பள்ளியின் பிள்ளைகளிடம் எடுத்த கிருமிகளில் 48 விழுக்காடு எரித்ரோமைசினை எதிர்த்தன. வகைப்படுத்திப் பார்த்தபோது அவை அனைத்தும் ஒரே குலம்: 'மெஃப்' மரபணுவைச் சுமந்த எம் 6. தனித்தனியே கற்றுக்கொண்ட பல கிருமிகள் அல்ல. கற்ற ஒன்று, பிள்ளையிலிருந்து பிள்ளைக்குத் தாவியிருந்தது. மருந்துச் சோதனைத் தட்டு மட்டும் இருந்திருந்தால் அந்த வேறுபாடு கண்ணில் பட்டிராது.

இந்தியாவில் வேலூரிலும் சண்டிகரிலும் ஆய்வாளர்கள் இக்கிருமிகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஒரு கூட்டத்தின் ஆட்சியை அன்று. சந்தைபோல் பல வகைகளின் நெரிசலை. செல்வ நாடுகளில் எம் 1, எம் 12 போன்ற சில வகைகளே பெரும்பங்கு வகிக்கின்றன. இங்கே அவற்றின் பங்கு குறைவு. எம் புரதத்தின் 30 வகைகளைச் சேர்த்துச் செய்யப்பட்ட ஒரு தடுப்பூசி ஆய்வில் இருக்கிறது. அந்த வகைகள் பெரிதும் வட அமெரிக்கா, ஐரோப்பாவின் கணக்கைப் பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவை. யாருடைய தொண்டைகள் படிக்கப்பட்டனவோ, அவர்களுக்கு ஏற்ப ஊசி உருவாகிறது. படிக்கப்படாத தொண்டைகளில்தான் இதய வால்வுகள் அதிகம் சிதைகின்றன.

மருந்துக்கடைக்கு வந்த தந்தையைக் குறைசொல்வதற்கில்லை. மருத்துவரைப் பார்க்க அரைநாள் கூலி போகும்; பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தடவி வளர்த்துப் பார்க்கும் வசதி அருகில் இல்லை. அந்தக் குச்சி விலை குறைந்தது; அதை ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லும் வழியே இல்லாதது. வழி இருந்திருந்தால், வைரசுக்கு மாத்திரை வீணாகியிராது. ஸ்ட்ரெப்டோகாக்கசுக்குப் பெனிசிலின் கிடைத்திருக்கும். அதன் 90 எழுத்துகளும் ஏதோ ஒரு பட்டியலில் இந்த ஊரின் பெயரோடு ஏறியிருக்கும். இப்போதைக்கு மாத்திரை அட்டை காகித உறைக்குள் போகிறது. பிள்ளை மறுநாள் பள்ளிக்குச் செல்கிறது, தன் தொண்டையில் பெயரிடப்படாத எதையோ சுமந்துகொண்டு.