நாலாம் மாடி ஊதா வெளிச்சம்

டொராண்டோ

அன்புச் சிநேகிதிக்கு,

முதலில் வம்பு, அப்புறம் விவசாயம். எங்கள் கட்டடத்து நாலாம் மாடி மாமி கஞ்சா வளர்க்கிறாராம்! கிளப்பிவிட்டது யாரென்று உனக்கே தெரியும், பேரை எழுத மாட்டேன். மார்கழி முழுக்க மாமி வீட்டு ஜன்னலில் ராத்திரி வரைக்கும் ஊதா வெளிச்சம். இந்த ஜனங்களுக்கு அது போதாதா? 2018 அக்டோபரிலேயே கனடாவில் கஞ்சா சட்டப்படி ஆகிவிட்டது, ஒண்டாரியோவில் வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம் என்றாலும் யார் கேட்கிறார்கள்? உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி, அதுவும் ஒட்டடைக்குச்சி மாதிரி.

செடிக்கு வெளிச்சம் காட்டும் அந்த ஊதா விளக்கு மேலே சீலிங் கொக்கியில், தொட்டி கீழே தரையில். நடுவில் நாலடி. சின்ன பல்பாக இருந்தால் தூரம் இரண்டு மடங்காகும்போது வெளிச்சம் கால்வாசிதான் மிஞ்சும். அகலமான பேனலுக்குப் பக்கத்தில் அவ்வளவு கடுமையாகக் குறையாது, ஆனாலும் குறையும். நான் கயிற்றை இறக்கி, கொழுந்துக்கு மேலே ஒன்றரை அடியில் நிறுத்தினேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெட்டியில ஆயிரம் வாட்னு போட்டிருக்கேடி!" என்கிறார். அந்த ஆயிரத்தை நீயும் நம்பாதே. பழைய மாதிரி விளக்குக்கு ஈடு என்று விற்பவர்களே போட்டுக்கொள்ளும் கணக்கு அது. நிஜமாக இழுக்கும் மின்சாரம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். மாமியுடையது நூறுகூட வரவில்லை!

உன் விளக்கை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். போனில் லக்ஸ் பார்க்கும் ஆப் ஒன்று போட்டுக்கொள். துல்லியம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். கொழுந்து இருக்கும் இடத்தில் போனை விளக்கைப் பார்த்தபடி பிடி. வெள்ளை எல்இடி என்றால் 15,000 லக்ஸ் பக்கம் வரட்டும். நம் ஹால் விளக்கு 300 தாண்டினால் அதிசயம். ஊதா விளக்குக்கு இந்த ஆப் உதவாது. லக்ஸ் என்பது மனுஷக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்துத்தான் மதிக்கும். அங்கே இலையைப் பார்த்துத்தான் முடிவு.

கணுவுக்குக் கணு நீண்டு இலை சிறுத்து வெளிறினால், இறக்கு. உச்சிக் கொழுந்து மட்டும் வெளுத்து ஓரம் மேலே சுருண்டால், ஏற்று. ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் போதும். பிறகு புது இலை வரும்வரை கைவைக்காதே. வெளுத்த பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மாமி மாதிரி தினமும் கயிற்றோடு மல்லுக்கட்டாதே.

ஏற்றுவதா, டிம்மரைக் குறைப்பதா என்று கேட்டிருந்தாய். ஒற்றைத் தொட்டி என்றால் இறக்கிக் கட்டி டிம்மரைக் குறை, கரண்ட் மிச்சம். துளசி, மிளகாய் என்று நீ பரப்பி வைத்திருந்தால் மேலே ஏற்றி முழு வெளிச்சம் விடு, ஓரத்துச் செடிக்கும் எட்டும். டைமரில் 14 மணி நேரம் வை. ராத்திரி செடிக்கும் இருட்டு வேண்டும். டிசம்பர் கடைசியில் எங்களுக்காவது ஒன்பது மணி நேரப் பகல் உண்டு. உங்கள் எட்மண்டனில் ஏழரைதான். ஏழரை பிடித்த செடி விளக்கில்லாமல் என்ன செய்யும், பாவம்!

ஒன்று மட்டும். குளிர்காலத்தில் செடிக்குத் தாகம் குறைவு. மேல்மண் காயாமல் தண்ணீர் ஊற்றாதே. ஜன்னல் குளிரில் ஈர மண்ணில் நின்றால் வேர் அழுகிவிடும், அப்புறம் எந்த விளக்காலும் காப்பாற்ற முடியாது.

உன் விளக்கின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. அது கிடக்கட்டும், உன் நாத்தனார் பெண்ணைப் பார்க்க வந்தார்களே, என்ன ஆயிற்று? அந்தப் பையன் ஏற்கெனவே ஒருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறான் என்று இங்கே ஒரு பேச்சு. யார் சொன்னார்கள் என்று போனில் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

உன்
வம்புக்காரி